ஏழாம் நம்பர் கிணற்றின் அழுத்தம்

ஆலத்தேரியில் கம்பெனி தோண்டிய எண்ணெய்க் கிணறுகள் ஏழு. அதில் ஆறு, பூமிக்குள் இரண்டரைக் கிலோமீட்டர் இறங்கிப் பார்த்து, உப்புத் தண்ணீரையும் ஊரே மூக்கைப் பொத்துகிற ஒரு நாற்றத்தையும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, சிமெண்ட் ஊற்றி மூடப்பட்டன. ஏழாவது மட்டும் நான்கு வருடம் எண்ணெய் கொடுத்தது. பிறகு தலைதீபாவளிக்கு வந்து திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற உபசாரம் மாதிரி நாளுக்கு நாள் குறைந்து, ஒருநாள் சுத்தமாக நின்றுபோனது. நின்றுபோன கிணற்றை மூடுவதென்றால் அதற்கு ஒரு கோப்பு வேண்டும், கோப்புக்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு எண் வேண்டும், அந்த எண்ணைச் சொல்லக் கிணற்றின் அடியிலேயே குடியிருக்கிற ஒரு கருவி வேண்டும் என்று பம்பாயில் இருந்த தலைமை அலுவலகம் ஆறு வருடம் யோசித்துக் கண்டுபிடித்தது.

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தக் கருவி. முழங்கை நீளம், உலக்கைப் பருமன், எஃகு உடம்பு. ஒயர் கிடையாது. கிணற்றின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே இருக்கிற அழுத்தத்தை உணர்ந்து, இரும்புக் குழாய் வழியாகவும் மண் வழியாகவும் மேலே தகவல் அனுப்பும். மேலே கொட்டகையில் வைத்திருக்கிற பெட்டியில் அது சிவப்பு எண்ணாக எரியும். அதே எண் அதே நொடியில் பம்பாயிலும் எரியும். கம்பெனி அதற்கு வைத்திருந்த பெயர் மூன்று வரி நீளம். ஊர் அதை கேஜ் என்று சுருக்கிக்கொண்டது.

பெட்டியில் எரிகிற எண்ணை மணிக்கொரு தரம் ரிஜிஸ்தரில் எழுதுகிற வேலை தையல்நாயகிக்கு. சேலைக்கு மேல் கம்பெனியின் நீலச் சட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட், பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். கிணறு நிற்கிற இடம் அவளுடைய அப்பா விட்டுப்போன இரண்டு மா நிலம். அவளுக்கும் அவள் தம்பி பக்கிரிசாமிக்கும் பொது. நிலத்தை எடுத்தபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று கம்பெனி சொன்னது. வாரிசு எத்தனை பேர் இருந்தாலும் வேலை ஒன்றுதான். பேர் கொடுக்க வேண்டிய வாரத்தில் பக்கிரிசாமி அறுவடை மெஷினோடு கர்நாடகாவில் இருந்தான். தையல்நாயகிக்கு அப்போது இருபத்தேழு வயது, புருஷன் செத்து ஏழு மாதம், கையில் எட்டு வயதுப் பெண். தம்பியைக் கேட்காமல் தன் பேரை எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்தவன் கிணற்று கேட்டுக்கு வெளியே நின்று, அக்காவை ஹெல்மெட்டோடு ஏற இறங்கப் பார்த்து, "ஓகோ" என்றான். அவளிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான். பதினோரு வருடம், ஒரே ஊர், இரண்டு தெரு தள்ளி வீடு, அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. பம்புசெட் மெக்கானிக்காகி ஊர் முழுக்கச் சைக்கிளில் திரிந்தவன், கிணற்றை ஒட்டிப் போகிற ரோட்டில் மட்டும் சக்கரம் படாமல் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போனான். ஒன்றரை மைல் சுற்று. மழையிலும் வெயிலிலும் அவன் அப்படிச் சுற்றிப் போவதை அவள் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேஜ் வந்து இறங்கியது ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஆலத்தேரியில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காமல் எந்த இரும்பும் தப்பியதில்லை. அரிவாள், டிராக்டர், தையல் மெஷின், ரேஷன் கடைத் தராசு, கால்நடை ஆஸ்பத்திரியில் காளைகள் கண்டு நடுங்குகிற கிடுக்கி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு. தையல்நாயகி கருவியைத் துடைத்து வாழையிலையில் கிடத்தி, அதற்கு நெற்றி எது என்று புரட்டிப் புரட்டித் தேடினாள். ஒரு முனையில் பட்டாணி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. முகம் என்று சொல்லும்படியாக அதைவிட்டால் வேறு இடமில்லை. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி நடுவில் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினாள். இன்ஜினியர் பெனட், நாகர்கோவில்காரன், இருபத்தாறு வயது, பொரிகடலை தின்றுகொண்டே அதைப் பார்த்தான்; இறக்குவதற்கு முன்னால் யாராவது துடைத்துவிடுவார்கள் என்று நினைத்து இன்னொரு கை பொரி அள்ளிக்கொண்டான்.

மறுநாள் விஜயதசமி. காரைக்காலிலிருந்து கிரேனோடு வந்த ஆறு பேரும் கருவியைப் பார்த்தார்கள், பொட்டைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயதசமியும் அதுவுமாக வைத்த குங்குமத்தை எடுக்கிற கை யாருடையதாக இருக்க வேண்டும் என்பதில் அந்த ஆறு பேருக்கும் ஒரே கருத்துதான்: நம்முடையதாக இருக்க வேண்டாம். பெனட் துடைத்திருக்கலாம். ஆனால் அவன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். நான் துடைத்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்து தொலைக்கும் என்று பயந்து, கிரேன் கொக்கியைப் பரிசோதிக்கிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியாக கேஜ் பொட்டோடும் பூவோடும் பூமிக்குள் இறங்கியது. பூ பாதியில் உதிர்ந்தது. சந்தனம் பாதாளச் சூட்டில் வெந்து செங்கல்லாக இறுகித் துளையை அடைத்தது. அந்தத் துளை வழியாகத்தான் அது கிணற்றின் அழுத்தத்தை உணர வேண்டும்.

துளை அடைபட்ட கேஜுக்குக் கிணறு எட்டவில்லை. உணர்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் எதையாவது உணர்ந்தாக வேண்டும் அல்லவா, அதனால் அது மேலே இருக்கிற மனிதர்களின் அழுத்தத்தை உணர ஆரம்பித்தது.

முதல் மூன்று நாள் பெட்டியில் பூஜ்யம். நாலாம் நாள் காலையில், கிணற்றைச் சுற்றியுள்ள சிமெண்ட் தளத்தில் பவுனம்மாளும் செண்பகவல்லியும் நெல் காயப்போட்டார்கள். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய குறுவை நெல். தளத்தில் நெல் காயவைப்பது கம்பெனி விதிப்படி குற்றம், தையல்நாயகியின் விதிப்படி இல்லை. பவுனம்மாள் காலால் நெல்லைக் கிளறும்போது செண்பகவல்லியின் நெல்லில் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டாள். "எங்கடி வர்ற, ஒன் நெல்லு அங்கன இருக்கு" என்று தொடங்கியது. கொட்டகையில் பெட்டி இருநூறு காட்டியது. பவுனம்மாள் செண்பகவல்லியின் பிறந்த வீட்டை இழுத்தபோது அறுநூறு. செண்பகவல்லி பவுனம்மாளின் மகன் எதற்காகக் காலேஜை விட்டு வந்தான் என்பதை எடுத்தபோது ஆயிரத்து நூற்றைம்பது. தையல்நாயகி பேனாவை வைத்துவிட்டுப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கயிற்றைப் போட்டுப் பாகம் பிரித்துவிட்டு வந்து பார்த்தாள், முப்பது. மறுபடியும் எட்டிப் பார்த்தாள். செண்பகவல்லி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், நாற்பத்திரண்டு.

அவள் பெனட்டைக் கூப்பிட்டாள். பெனட் தளத்தில் ஏறி நின்றான். நானூற்று எண்பது.

"சாருக்கு என்னா கவல?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா, பிரமோஷன்" என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து அந்த எண்ணையும் பிறகு கிணற்றையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான். பம்பாய்க்குச் சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள், காரணம் சந்தனம், சந்தனத்தைப் பொரி தின்றுகொண்டே பார்த்தவன் அவன். இரண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள், விஷயம் அதோடு முடிந்துபோனது.

ஊருக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே வரிசை நின்றது. ஆலத்தேரிக்காரர்கள் இதில் அதிசயப்பட எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை; உடம்புச் சூட்டுக்குத் தெர்மாமீட்டர், நெல் ஈரத்துக்கு ஒரு மெஷின், மனுஷன் கோபத்துக்கும் ஒன்று வர வேண்டியதுதானே, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி. நாலு ஊர் நடுங்குகிற சண்டியர் காத்தமுத்து தளத்தில் ஏறினான், முப்பத்தைந்து. பால்காரர் மாடு ஏறி நின்றபோது நாலு. எப்போதும் புன்னகை மாறாத தலைமையாசிரியர் வேடிக்கைக்காக ஒரு காலை வைத்தார், ஆயிரத்துத் தொள்ளாயிரம். அன்று முதல் அவர் சிரித்தால் ஆசிரியர்கள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் கோபமில்லையே என்று சொல்லிக்கொண்டு திரிந்த புருஷன்மார்களைப் பெண்டாட்டிகள் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டுப் பதினோராவதாக அழுத்தம் பார்க்கும் வழக்கம் வந்தது. மாப்பிள்ளை எண்பதுக்குள் இருந்தால் பெண் வீட்டார் அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி மட்டும் தளத்தில் ஏறவே இல்லை. தலைவர் பதவியில் இருக்கிறவரின் அழுத்தம் ஊராட்சி ரகசியம் என்று சொல்லி, விளிம்புக்கு வெளியே, கால்விரல் நுனிகூடப் படாமல் நின்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார்.

தையல்நாயகி தன்னையும் பார்த்துக்கொண்டாள். அறுநூற்று நாற்பது. காலையில் அறுநூற்று நாற்பது, சாயங்காலமும் அறுநூற்று நாற்பது, மகள் தஞ்சாவூரில் நர்ஸிங் பரீட்சையில் பாஸாகிப் போன் பண்ணிய அன்றும் அதே அறுநூற்று நாற்பது. அவளுக்கு யார் மேலும் கோபமில்லை. அது தம்பியைக் கேட்காமல் செய்ததன் உறுத்தல் என்று அவளுக்குத் தெரியும். கேஜுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஐப்பசியில், கேஜுக்கு ஒரு கோயில் கட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது. கட்டினால் முதல் மரியாதை யாருக்கு என்று அடுத்த பேச்சு வந்தது. கீழத்தெருவும் மேலத்தெருவும் தளத்தில் கூடி நின்று அந்த விஷயத்தைக் காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை விவாதித்தபோது பெட்டியில் நாலாயிரத்து முந்நூறு எரிந்தது. பம்பாயிலும் எரிந்தது. செத்துப்போன ஏழாம் நம்பர் உயிர்த்துவிட்டது, பூமிக்கடியில் எங்கேயோ புது எண்ணெய் புரண்டு வருகிறது என்று தலைமை அலுவலகத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். எட்டாம் நாள் ஊருக்குத் தார் ரோடு வந்தது. அடுத்த மாதம் தெருவிளக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன். தையல்நாயகியை நிரந்தரமாக்க யோசிப்பதாக ஒரு கடிதம். கோயில் யோசனை கைவிடப்பட்டது, கிடைக்க வேண்டியது கோயில் இல்லாமலே கிடைத்துவிட்டதால்.

ஆனால் ஒன்று நடந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. யாருக்கு எவ்வளவு கோபம் என்று சிவப்பு எழுத்தில் தெரிந்துவிட்டால் சண்டை நீடிக்கமாட்டேன் என்கிறது. மூன்று தலைமுறை வாய்க்கால் தகராறு, இந்தப் பக்கம் தொண்ணூறு அந்தப் பக்கம் எழுபது என்று தெரிந்ததும், இதற்காகவா கோர்ட்டுக்கு அலைந்தோம் என்று சிரித்து முடிந்துபோனது. மாமியாரும் மருமகளும் எண்ணைப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் பயந்து நடந்துகொண்டார்கள். கார்த்திகையில் பெட்டி எண்ணூறைத் தாண்டவில்லை. மார்கழியில் இருநூறு. பம்பாய்க்குக் கவலை வந்தது. உத்திராபதி ஊரைக் கூட்டி, சண்டைக்கு முறை போட்டார்: திங்கள் கீழத்தெரு, செவ்வாய் மேலத்தெரு, புதன் மாமியார்கள், வியாழன் பங்காளிகள். எல்லோரும் முறைப்படி வந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். நாடகத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிற அமிர்தகடேசன் தளம் அதிரக் கதாயுதத்தைச் சுழற்றினார். பெட்டியில் இருபது. கேஜிடம் நடிப்பு செல்லவில்லை.

தை பிறந்ததும் கடிதம் வந்தது. இருபதாம் தேதி மூன்று பேர் கொண்ட குழு நேரில் வரும், அன்றைக்கு அழுத்தம் மூவாயிரத்துக்குக் குறைந்தால் கிணறு மூடப்படும், ஒப்பந்த ஊழியரின் பணி அன்றோடு முடியும். பெனட் அதைப் படித்துச் சொன்னபோது தையல்நாயகி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருந்தது, அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. இந்த வேலைக்காகத்தான் தம்பி போனான். வேலை இருக்கிறவரை, சரி, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வேலையும் போய்விட்டால் தம்பியைச் சும்மாவே தொலைத்த மாதிரி ஆகிவிடும். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது, பெனட் சாருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் உத்திராபதிக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் எல்லாக் கோபமும் செலவாகிவிட்டது. செலவாகாமல் ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. பதினோரு வருடம், மூடி போட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல்.

"பக்கிரி தளத்துல ஏறுனா எட்டாயிரம் நிச்சயம். கேஜே தெறிச்சிடுமோன்னுதான் எனக்குப் பயம்" என்றார்.

"வேணாங்க தலைவரே" என்றாள் தையல்நாயகி. "அவன் கோவத்த வித்து எனக்கு ஒரு வேல வேணாம்."

"ஒனக்கு வேணாம்னா வுடு. ரோடு? வெளக்கு? வேனு? அதெல்லாம் கம்பெனி சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிருவான்ல?"

தார் ரோட்டை எப்படிச் சுருட்டுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் உள்ளுக்குள் அவளுக்கு அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எட்டாயிரம் என்றால் எட்டாயிரம், என்னை அவன் எவ்வளவு வெறுக்கிறான் என்பது தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் தூக்கமாவது வரும் என்று நினைத்தாள்.

உத்திராபதி நாலு பேரோடு போனார். பக்கிரிசாமி ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பக்கிரி, ஒன்னால ஊருக்கு ஒரு காரியம் ஆவணும்ப்பா."

"என்னாங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல. இருவதாம் தேதி தளத்துல வந்து பத்து நிமிசம் நிக்கணும். கோவத்தோட."

"யாரு மேல?"

"அத நான் சொல்லணுமா?"

பக்கிரிசாமி ஒரு நட்டை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, தாளில் வைத்தான். "பாப்பம்" என்றான். அதற்குமேல் அவனிடமிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

இருபதாம் தேதி காலை பத்தரைக்குக் குழு வந்தது. மூன்று வெள்ளை ஹெல்மெட், மூன்று கறுப்புக் கண்ணாடி. கொட்டகையில் நாற்காலி போட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தளத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று முதலில் உத்தரவிட்டார்கள், பெட்டியில் பூஜ்யம். உத்திராபதி பெனட்டின் காதைக் கடித்தார். பெனட் தொண்டையைச் செருமிக்கொண்டு, வால்வைத் திருக உள்ளூர் மெக்கானிக் ஒருவர் தளத்தில் ஏற வேண்டியிருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். வேலிக்கு வெளியே ஊரே நின்றது. தையல்நாயகி கொட்டகை ஓரத்தில், சரளைக் கல்லில், ரிஜிஸ்தரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சைக்கிள் வந்தது. வாய்க்கால் கரையில் அல்ல, நேர் ரோட்டில்.

பக்கிரிசாமி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கேட்டைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து தளத்தில் ஏறினான். காதோரம் நரைத்திருந்தது. அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. காத்தமுத்து இரண்டு அடி பின்னால் நகர்ந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

பெட்டியில் ஆறு எரிந்தது.

அறுநூறோ ஆறாயிரமோ அல்ல, வெறும் ஆறு. கைக்குழந்தைகளே ஒன்பது காட்டியிருக்கின்றன.

"செருப்பக் கழட்டு பக்கிரி, ரப்பர் தடுக்குது" என்று வேலிக்கு வெளியிலிருந்து உத்திராபதி கத்தினார். கழற்றினான். ஐந்து. "ஒனக்கு வரவேண்டிய வேலப்பா அது! நெனச்சுப் பாரு!" என்று ஒருவர். "ஒன் அப்பன் நெலம்!" என்று இன்னொருவர். பக்கிரிசாமி அவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான், கொஞ்சம் பரிதாபத்தோடு. நாலு. பால்காரர் மாட்டுக்குச் சரி.

தையல்நாயகி ரிஜிஸ்தரைக் கீழே வைத்தாள். எழுத வேண்டிய நேரம் அது, மணி பதினொன்று. எழுதாமல் நேராக நடந்துபோய்த் தளத்தில் ஏறித் தம்பிக்கு எதிரில் நின்றாள். பெட்டியில் அறுநூற்று நாற்பத்து நாலு.

"ஒனக்கு எம்மேல கோவம் இல்லையாடா?" என்றாள்.

"அது போயி ஒம்பது வருசம் ஆச்சுக்கா" என்றான் பக்கிரிசாமி. "ரெண்டு வருசம் இருந்துச்சு. அப்பறம் காணும்."

பெட்டியில் எண் இறங்கியது. அறுநூறு, நானூறு, நூறு. பதினோரு வருடமாக இறங்காதது கண்ணெதிரே இறங்கி, பதினெட்டில் நின்றது.

"அப்பறம் ஏன்டா பேசல?"

"நீ பேசுவேன்னு பாத்தேன்."

எண் ஒரு நொடி அசையவில்லை. பிறகு ஏறியது. முந்நூறு. தொள்ளாயிரம்.

"நான் பேசுவேன்னு பாத்தியா?" தையல்நாயகியின் குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் அவளைத் தெரிந்த பெண்கள் வேலியை விட்டுக் கொஞ்சம் விலகினார்கள். "ஒம்பது வருசமா பாத்தியா? என் பொண்ணு சடங்குக்குத் தாய்மாமன் ஓல கட்ட ஆளு இல்லாம, பக்கத்து வூட்டுக்காரன் காலுல விழுந்து கட்டச் சொன்னேன். சபையில அத்தன பேரும் என்னையப் பாத்தாங்க. நான் அவன் வேலைய எடுத்துக்கிட்டேன், அவனுக்குக் கோவம், வரமாட்டான், எனக்கு வேணும்னு தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒக்காந்துருந்தேன்டா. அன்னைக்கி ஒனக்குக் கோவமே இல்லையா? கோவமே இல்லாமயாடா வராம இருந்த?"

இரண்டாயிரத்து எண்ணூறு. குழுத் தலைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"வந்தேன்க்கா" என்றான் பக்கிரிசாமி. "பட்டுப்பாவாட வாங்கிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீ கூப்புடுவேன்னு நின்னேன். நீ பாக்கல. திரும்பிட்டேன்."

நாலாயிரம். ஐயாயிரத்து நூறு. தரையில் கிடந்த நெல்மணிகள் குதித்தன. தளத்தின் நடுவில் கம்பெனிக்காரர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கும் வால்வு அடுக்கு, எண்ணெய் நின்ற நாளிலிருந்து முதல் முறையாகக் கடகடவென்று ஆடியது. ஏழாயிரத்து இருநூறைத் தாண்டியபோது குழுவின் மூன்று பேரும் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார், கிணறு உயிரோடு இருக்கிறது என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தார்.

"எந்த வாசல்லடா?" என்றாள் தையல்நாயகி.

"ஒன் வூட்டு வாசல்லதான்."

"வா. வந்து காட்டு. எங்க நின்னேன்னு எனக்குக் காட்டு."

சட்டைக் காலரைப் பிடித்தாள். பிடித்த பிடியில் தளத்தை விட்டு இறங்கினாள், கேட்டைத் தாண்டினாள், தார் ரோட்டில் தம்பியை இழுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே நடந்தாள். ஊர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஹெல்மெட் கழன்று உருண்டது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டியில் பூஜ்யம் எரிந்தது. குழுத் தலைவர் பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி, இவ்வளவு அழுத்தமும் எங்கே போனது என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போயிருக்கு சார்" என்றான் பெனட்.

சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று குழு முடிவு செய்தது. பெனட் தையல்நாயகியின் வீட்டுக்கு ஓடினான். அவள் வாசலில் நின்று, வேப்பமரத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் தம்பியை நிறுத்தி, இங்கிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரியாமல் போவேன், அல்லது தெரிந்திருந்தால் நீ ஏன் இருமக்கூட இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பத்து நிமிஷம்" என்றான் பெனட், மூச்சு வாங்க. "இதையே அங்க வந்து திட்டுங்கக்கா. அவங்க கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க. வேலை நிரந்தரம். பத்தே நிமிஷம்."

தையல்நாயகி அவனைப் பார்த்தாள். பதினோரு வருட வேலை அந்த நேரத்தில் அவள் கண்ணில் ஒருமுறை வந்து போனது. மகளின் கடைசி வருடப் படிப்பும் வந்து போனது. அவளுக்கு அதெல்லாம் நன்றாகத் தெரிந்தது.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "இது வூட்டு விசயம். அங்க வச்சுத் திட்ட முடியாது."

பெனட் திரும்பி நடந்தான். குழு நாலரை மணிவரை காத்திருந்தது, உத்திராபதி வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டது, பூஜ்யத்தைப் பார்த்தது, வேறொரு படிவத்தை எடுத்தது. ஏழாம் நம்பர் கிணற்றை மூடுவதற்கு மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில், தையல்நாயகி அப்போதுதான் மூன்றாவது வருடத்தை முடித்து நாலாவது வருடத்துக்கு வந்திருந்தாள். பக்கிரிசாமி உள்ளே போய், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடி, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "ம், சொல்லுக்கா" என்றான்.